மூன்றாவது உதாரணம்

முதல் உதாரணம் புயலில் சாய்ந்த மின்கம்பம், இரண்டாவது உதாரணம் பதவி உயர்வில் அவரைத் தாண்டிப் போன ஜூனியர், மூன்றாவது உதாரணம் திருமலை. இந்த வரிசை பகவதிக்கு மனப்பாடம். இது அவர் பேசும் ஐந்தாவது கூட்டம். முன்வரிசை நீல நாற்காலியில் கைப்பையை மடியில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, மேடையில் மைக்குக்கு முன்னால் நிற்கும் தன் புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோமதிநாயகம், மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், வெள்ளை அரைக்கைச் சட்டை, காலையில் அவள்தான் தேய்த்துக் கொடுத்தாள், காலரில் ஒரு மடிப்பு விழுந்துவிட்டது, அது இங்கிருந்தே தெரிகிறது. அவருக்குப் பின்னால் கட்டியிருந்த பேனரில் 'அசையாத மனம் - கிரேக்க ஞானிகள் காட்டும் வழி' என்று எழுதியிருந்தது. பூங்காவை ஒட்டிய கூடம். நடைப்பயிற்சி நண்பர்கள் சங்கத்தார் அறுபது எழுபது பேர், ஞாயிற்றுக்கிழமை நடையை முடித்துக்கொண்டு, ஈரப்புல் ஒட்டிய ஷூக்களோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். கம்பம் இப்போதுதான் சாய்ந்துகொண்டிருந்தது. "காத்த நிறுத்த முடியுங்களா? முடியாதுங்க. ஆனா லைனை ஆஃப் பண்றது யார் கையிலங்க? நம்ம கையில." இந்த 'ங்க' வேறு. பாளையங்கோட்டையை விட்டுக் கோயம்புத்தூருக்குக் குடிவந்து ஒன்றேகால் வருஷத்தில் இவருக்கு எங்கிருந்து இத்தனை 'ங்க' வந்தது? வீட்டில் அவளிடம் ஒரு 'ங்க' கிடையாது. நம் கையில் இருப்பது, நம் கையில் இல்லாதது. உலகத்தை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டால் மனசு அசையாதாம். போன வாரம் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, பக்கத்தில் நின்று பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் சொன்னார், "பதறாத, பொங்குறது பாலோட இயல்பு." அடுப்பின் திருகு அவர் கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அது யார் கையில் இருப்பது என்று கேட்கலாமென்று நினைத்தாள், கேட்கவில்லை, துணியை நனைத்து அடுப்பைத் துடைத்தாள். கேட்காமல் விட்டவற்றை எல்லாம் எங்கே வைப்பது?

கூட்டம் கைதட்டியது. கம்பம் முடிந்தது. ஜூனியர் வந்துவிட்டான், அவனுக்கு ஐந்து நிமிஷம், அப்புறம் என் பிள்ளை திருமலை. முதல் கூட்டத்தில், அது இவர்கள் குடியிருக்கும் அடுக்ககத்தின் மாடியில், பதினாறு பேர், அப்போது இவர் சொன்னது, "எனக்கு ஒரே மகன், இருபத்தாறு வயசு, ஓசூர்ல வேலை, பைக்குக்குக் குறுக்கே நாய் வந்துச்சு, போயிட்டான், ரொம்பக் கஷ்டப்பட்டேன், இந்தத் தத்துவந்தான் என்னைத் தூக்கிவிட்டுச்சு." அதுவரை சரி. அவளும் தலையாட்டினாள். இரண்டாவது கூட்டத்தில் 'ரொம்பக் கஷ்டப்பட்டேன்' காணாமல் போயிற்று. மூன்றாவதில், "நான் அழலைங்க" வந்தது. நான்காவதில், "மூணாம் நாள் ஆபீஸ் போனேன்." ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு செங்கல். சுவர் உயர உயரக் கைதட்டலும் கூடியது, ஆட்கள் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள், "எப்படி சார் முடிஞ்சுது உங்களால?" அவர் லேசாகச் சிரிப்பார், மழை வருமா வராதா என்று கேட்டவனுக்குச் சிரிக்கிற மாதிரி. அவள் காபி டம்ளரோடு ஓரமாக நிற்பாள். அவளிடம் யாரும் எப்படி முடிந்தது என்று கேட்டதில்லை. மேடையில் ஜூனியர் பதவி உயர்வு வாங்கிக்கொண்டு போய்விட்டான். கோமதிநாயகம் தண்ணீர் குடித்தார், பாட்டிலை மூடினார், மூடியை ஒரு திருகு அதிகமாகத் திருகினார். "மூணாவது உதாரணம் என் சொந்த வாழ்க்கைங்க." கூடம் அடங்கியது. தலைக்கு மேலே மின்விசிறி மட்டும் கடக் கடக்கென்றது. அவர் சொல்லிக்கொண்டே போனார், ஒரே மகன், ஓசூர், நாய், அழலைங்க, மூணாம் நாள் ஆபீஸ். பிறகு வலது கையை முன்னால் நீட்டிக் காட்டினார். "இந்தக் கையாலதாங்க எம் மகனுக்குக் கொள்ளி வச்சேன். கை நடுங்கலைங்க."

இது புதுசு. இது போன கூட்டத்தில் இல்லை. பகவதிக்குக் காது அடைத்துக்கொண்டது, பஸ் மலை ஏறும்போது அடைக்குமே அப்படி. கை நடுங்கலைங்க. எந்தக் கை? அந்தக் கையா? அந்தக் கை அன்றைக்கு எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாதா? பதினொன்றுக்குக் கால் மணி இருக்கும்போது போன் வந்தது, கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள், வீட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது, நாய்தான் உள்ளே வந்து எதிலோ மாட்டிக்கொண்டது என்று நினைத்து ஈரக் கையோடு ஓடினாள், நாயில்லை, திருமலையின் அறையில் கட்டிலுக்கு அடியில் இவருடைய அத்தனை பெரிய உடம்பு, எப்படி நுழைந்தது என்று இன்றுவரை தெரியாது, முகத்தைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தது. போன் தரையில் கிடந்தது, அதில் யாரோ "ஹலோ ஹலோ" என்றார்கள், அவள்தான் எடுத்துக் கேட்டாள். அவள்தான் கேட்டாள். தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, இடது கையைக் கட்டிலுக்கடியில் நீட்டி அவர் கணுக்காலைப் பிடித்தாள், விட்டால் தலையைக் கொண்டுபோய்ச் சட்டத்தில் முட்டினார், அதனால் விடவில்லை. வலது கையில் போன். எந்த ஆஸ்பத்திரி, உடலை எப்போது கொடுப்பார்கள், யார் கையெழுத்துப் போட வேண்டும், ஆம்புலன்ஸ் எத்தனை மணிக்குக் கிளம்பும், ஐஸ் பெட்டிக்கு யாரிடம் சொல்வது, எல்லாம் படுத்தபடி. சிமெண்டுத் தரை கன்னத்தில் குளிர்ந்தது. கட்டிலுக்கடியில் திருமலையின் பழைய ஷட்டில் பந்து ஒன்று, ஒரு இறகு ஒடிந்து, தூசியில் கிடந்தது, அதைப் பார்த்துக்கொண்டே பேசினாள். சொந்தக்காரர்கள் வந்தபோதும் அப்படித்தான் கிடந்தாள். வாசல் பக்கம் பெண்கள் பேசிக்கொண்டது கேட்டது. "பெத்தவ கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணியக் காங்கலயே." "கல்லு மனசுட்டீ அவளுக்கு." கல்லு மனசு. அன்றைக்கு அவளைக் கல் என்றார்கள், அது வசை. இன்றைக்கு இவர் தன்னைக் கல் என்று சொல்லிக்கொள்கிறார், அது தத்துவம், பேனர் கட்டிக் கைதட்டுகிறார்கள். சுடுகாட்டுக்குப் பெண்கள் போகவில்லை, ஆனால் போய்வந்தவர்கள் சொன்னார்கள், தீயைக் கையில் கொடுத்தபோது இவர் கை விரியவே இல்லையாம், முறுக்கிக்கொண்டதாம், கடைசியில் கொழுந்தனாரின் மகன் வேலப்பன், இருபது வயசுப் பையன், அவன்தான் வைத்தான். அந்தப் பையன் ஒரு மாசம் சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் கையை முகர்ந்து பார்த்தானாம். அவனையும் அழித்தாயிற்று. அந்தப் பையனையும் ஒரு செங்கல்லால் மூடியாயிற்று. கை நடுங்கலைங்க.

அவர் இப்போது எர்த் கம்பியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார், இடி இறங்கினாலும் எர்த் சரியாக இருந்தால் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது, மனசுக்கும் அப்படி ஒரு எர்த் வேணுங்க, அதுதான் இந்தத் தத்துவம். இல்லை. தத்துவம் இல்லை, நான். நாற்பது நாள் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தீர்கள், குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று "பகவதி, இருக்கியா, பகவதி, இருக்கியா" என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள், சோப்பைப் போட்டுக்கொண்டே "இருக்கேன், இருக்கேன்" என்றேன், அந்த இடியெல்லாம் எந்தக் கம்பி வழியாக எந்த மண்ணுக்குள் இறங்கிற்று? கோபம் நாக்கு நுனிவரை வந்து நின்றது. நின்ற இடத்தில் எப்போதும் போல அந்தப் பயம் வந்து அதன் கையைப் பிடித்துக்கொண்டது. ஏனென்றால் தத்துவமும் பொய்யில்லை. நான்காவது மாசம் ரயில்வேயில் இருந்த சிநேகிதர் ஒருவர் வந்து ஒரு புத்தகம் கொடுத்துவிட்டுப் போனார், அதைப் படித்த மறுவாரம்தான் இவர் முகம் சவரம் செய்தார். சவரம் செய்த முகத்தோடு அடுக்களை வாசலில் வந்து நின்றபோது அவளுக்கு அந்தப் புத்தகத்தைத் தொட்டுக் கும்பிடலாம் போல இருந்தது. காலையில் பச்சைத் தண்ணீர்க் குளியல், ஒரு நோட்டில் அன்றைக்கு எங்கே நிதானம் தவறினோம் என்று எழுதுவது, பதறியதற்கும் திட்டியதற்கும் எல்லாம் காரணம் எழுதுவது. எழுதி எழுதித்தான் எழுந்து நின்றார். இப்போது நான் போய் ஒரு செங்கல்லை உருவினால்? மறுபடி கட்டிலுக்கடியில் போய்விட்டால்? எனக்கு வயசு ஐம்பத்தெட்டு, முழங்கால் மடங்கவில்லை, இனிமேல் தரையில் குப்புறப் படுக்க முடியாது. அதனால் நான்கு கூட்டமாக வாயைத் திறக்கவில்லை. ஆனால் அந்தப் புத்தகத்தை அவளும் படித்தாள், மத்தியானத்தில், அவர் தூங்கும்போது, ஒரு நாளைக்கு இரண்டு பக்கம். அதில் ஒரு ராஜா வருகிறார், பெரிய ராஜ்யம், பிள்ளைகளில் பாதிக்கு மேல் சாகக் கொடுத்தவர், அவர்தான் இந்தத் தத்துவத்துக்கே பெரிய ஆள். சின்ன வயசில் அவருடைய ஆசிரியர் செத்தபோது அவர் அழுதாராம். அரண்மனை ஆட்கள் அடக்கப் பார்த்தார்களாம். அவரைத் தத்தெடுத்து வளர்த்த பழைய ராஜாதான், அழட்டும் விடுங்கள், அவனும் மனுஷன்தானே என்கிற மாதிரிச் சொன்னாராம். அந்தப் பக்கத்தை ஐந்து கூட்டத்தில் ஒரு கூட்டத்திலும் இவர் சொன்னதில்லை. படிக்காமலா விட்டார்? அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டிருக்கிறது. இவர் கோடுதான். தெரிந்தே மறைப்பதற்குப் பெயர் அசையாத மனமா?

"கேள்வி இருந்தாக் கேக்கலாமுங்க" என்றார் சங்கத் தலைவர் பொன்னுரங்கம். ஒருவர் பச்சைத் தண்ணீரில் குளித்தால் மூட்டு வலி வராதா என்று கேட்டார். சிரிப்பு. ஒருவர் இதைப் பிள்ளைகளுக்கு எந்த வயசில் சொல்லிக்கொடுக்கலாம் என்று கேட்டார். பிறகு பின்வரிசையில் நாற்காலி தேய்கிற சத்தம், பகவதி திரும்பிப் பார்த்தாள். தேன்மொழி. அவர்கள் அடுக்ககத்தில் நான்காவது மாடி, கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்த மகளை மஞ்சள் காமாலைக்குப் பறிகொடுத்தவள். லிஃப்டில் ஏறி நான்கை அழுத்தாமல் வேறு எதையாவது அழுத்திவிட்டுக் கதவு திறந்ததும் இறங்கப் பார்ப்பாள், பகவதி கையைப் பிடித்து நிறுத்துவாள். இவர்தான் வரச் சொல்லியிருக்கிறார், 'உங்களுக்கு உபயோகமா இருக்கும்' என்று. தேன்மொழி மைக் வேண்டாமென்று தலையசைத்தாள். "சார், எம்பட புள்ள போயி ஆறு மாசமாச்சுங்க. ஊடு கூட்டறப்ப, காய் அரியறப்ப, பஸ்ஸுல போறப்ப, எங்க இருந்தாலும் அழுவாச்சி வந்துருதுங்க. நீங்க சொல்றதக் கேட்டா எனக்கு வெக்கமா இருக்குதுங்க. எனக்கு என்ன கோளாறுங்க சார்?" கூடத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். சொல்லுங்கள், இப்போதாவது அந்தப் பக்கத்தைச் சொல்லுங்கள், பென்சில் கோடு போட்ட பக்கம், உங்கள் செங்கல் எல்லாம் அப்படியே இருக்கட்டும், அந்த ராஜா அழுதார் என்று மட்டும் சொல்லுங்கள், இந்தப் பெண்ணுக்கு அது போதும், எனக்கும் போதும், நான் இப்படியே உட்கார்ந்துவிடுகிறேன், என்று பகவதி கைப்பையை நெரித்தாள். கோமதிநாயகம் கனிவாகச் சிரித்தார். அந்தக் கனிவுதான். "கோளாறெல்லாம் இல்லம்மா. பயிற்சி பத்தலை. கண்ணீர்ங்கிறது ஒரு லீக்கேஜ். இன்சுலேஷன் சரியில்லாத இடத்துல லீக் ஆகும். நீங்க பயிற்சி பண்ணுங்க, ஒரு ஆறு மாசத்துல என்னைய மாதிரி ஆயிரலாம்." தேன்மொழி "சரிங்க சார்" என்றாள். உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்தில் வீட்டுப் பாடம் எழுதாமல் வந்த பிள்ளை மாதிரி தலையைக் குனிந்து உட்கார்ந்தாள்.

எழுந்தது முழங்காலுக்குத்தான் முதலில் தெரிந்தது, அது வலித்த பிறகுதான் பகவதிக்கே தான் நிற்பது தெரிந்தது. "நான் இவிய வீட்டுக்காரி" என்றாள். குரல் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. கூட்டத்தைப் பார்க்கவில்லை, பின்வரிசையை மட்டும் பார்த்துச் சொன்னாள். "இந்தாம்மா, இவிய அழுதாவ. கட்டிலுக்கு அடியில போயிக் கெடந்து அழுதாவ. நாப்பது நாளு எஞ் சேலையப் பிடிச்சுக்கிட்டே அலைஞ்சாவ. அதுல ஒரு தப்பும் இல்ல, பெத்த புள்ள. ஒனக்கும் ஒரு கோளாறும் இல்ல." மைக்கில் கோமதிநாயகத்தின் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அந்த நிதானமான, பயிற்சி பெற்ற குரல். "பகவதி, உக்காரு." உட்காரவில்லை. அவர் கூட்டத்தைப் பார்த்தார். "எம் மனைவிக்கு இன்னும் மனசு ஆறலைங்க. பெத்த தாய் இல்லையா. நீங்க யாரும் தப்பா எடுத்துக்காதீங்க. இதுவும் நம்ம கையில இல்லாததுதான்." கூடம் மூச்சு விட்டது. இரண்டு மூன்று பேர் இரக்கத்தோடு அவளைப் பார்த்துத் தலையாட்டினார்கள், ஐயோ பாவம், என்று. ஐயோ பாவமா. மனசு ஆறாதவள் நானா. ஆக, இப்போது என்னையும் அந்த இன்னொரு பாதியில் தூக்கி வைத்தாயிற்று, பொங்கும் பால், சாய்ந்த கம்பம், நான். காது, கழுத்து, உள்ளங்கை எல்லாம் கொதித்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது சின்னக் குரல், வீட்டில் உப்பு இருக்கிறதா என்று கேட்கிற குரல்.

"அன்னைக்குக் கொள்ளி வச்சது யாரு?"

கோமதிநாயகம் மைக்கைப் பார்த்தார். நீட்டிக் காட்டிய அந்த வலது கை மைக் தண்டைப் பிடித்திருந்தது. இப்போது பொய் சொன்னால் முடிந்தது, என்று பகவதிக்குத் தோன்றியது, இப்போதும் சொன்னால் நான் தனியாகப் பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறிவிடுவேன், அது என் கையில் இருக்கிறது. அவர் மைக்கை விட்டு ஓரடி தள்ளி நின்றார். "எந் தம்பி மவன்" என்றார். முன்னால் மூன்று வரிசைக்குத்தான் கேட்டிருக்கும். "எனக்குக் கை வரல. சின்னப் பையன். அவந்தான் வச்சான்." 'ங்க' இல்லை. ஊர்க் குரல். நன்றி வணக்கம்கூடச் சொல்லாமல் மேடை ஓரத்துக்கு நகர்ந்தார். யாரும் கைதட்டவில்லை. பொன்னுரங்கம் எழுந்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "சுக்குக் காபி ரெடியா இருக்குதுங்க" என்றார். நாற்காலிகள் தேய்ந்தன. மேடைக்கு இரண்டு படி. அவர் சுவரைத் தொட்டுக்கொண்டு ஒரு படி இறங்கி நின்றார். பகவதியின் இடது கை தன்னால் நீளப் பார்த்தது, கட்டிலுக்கடியில் நீண்ட அதே கை, அதைக் கைப்பையின் வாருக்குள் நுழைத்து இறுக்கிக்கொண்டாள். விழுந்தால் விழட்டும். அவர் விழவில்லை. இரண்டாவது படியும் இறங்கினார். பின்வரிசையில் தேன்மொழி எழுந்திருக்கவில்லை, உட்கார்ந்தபடி அழுதுகொண்டிருந்தாள், முகத்தை மூடாமல், தலையைக் குனியாமல், எதிரே நின்று காபி குடிப்பவர்களைப் பார்த்துக்கொண்டே.

வீட்டுக்குப் பத்து நிமிஷ நடை. பகவதி முன்னால் போனாள். எப்போதும் அவர் முன்னால் போவார், இன்றைக்கு அவர் செருப்புச் சத்தம் பின்னாலிருந்து வந்தது. அவமானப்படுத்திவிட்டேன் என்று சொல்வார், சொல்லட்டும், வீட்டில் பேசியிருக்கலாமே என்பார், வீட்டில் எங்கே பேச விட்டீர்கள், வாயைத் திறந்தால் நோட்டை எடுத்துவிடுவீர்களே, அந்தப் பெண்ணிடம் போய் மன்னிப்புக் கேளுங்கள் என்பேன், வேலப்பனுக்குப் போன் போடுங்கள் என்பேன், இனிமேல் எந்த மேடையிலும் என் பிள்ளையை மூன்றாவதாக வைக்கக்கூடாது என்பேன், அவன் எதற்கும் உதாரணம் இல்லை, அவனுக்குப் பூரி பிடிக்கும், கடன் வாங்கி ஷட்டில் பேட் வாங்கினான், தூங்கும்போது வாயைத் திறந்துகொண்டு தூங்குவான், அவ்வளவுதான், அவன் எதையும் நிரூபிக்கப் பிறக்கவில்லை. இவ்வளவையும் வரிசையாக அடுக்கிவைத்துக்கொண்டு நடந்தாள். மருந்துக் கடை தாண்டியது. பேக்கரி தாண்டியது. மெயின் ரோட்டைக் கடக்க நின்றபோது அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏட்டி" என்றார்.

அவள் ரோட்டைப் பார்த்தாள்.

"அன்னைக்கு நீ எப்ப அழுத?"

ஒரு பஸ் போயிற்று. இதை இரண்டரை வருஷத்தில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய ஒரே ஆள் இப்போது கேட்கிறார், நடு ரோட்டில், காலரில் மடிப்போடு. "நீங்க எங்க எடம் விட்டிய?" என்றாள். "ஒரு வீட்டுல ஒரு ஆளுதான் கட்டிலுக்கு அடியில போவ முடியும்." சொல்லி முடிக்கும்போதே உதடு கோணியது. கோபம்தான், வெறும் கோபம்தான் என்று நினைத்தாள், ஆனால் அது நிற்கவில்லை, மூக்கும் கண்ணும் சேர்ந்து ஒழுகின, சத்தம் வந்தது, ஸ்கூட்டரில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பேக்கரிக்காரர் எட்டிப் பார்த்தார், அவள் துடைக்கக்கூட இல்லை, பார்க்கட்டும், எல்லாரும் பார்க்கட்டும். கோமதிநாயகம் அவள் கையிலிருந்து பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். ரோடு காலியாகி நிறைந்து மறுபடி காலியாயிற்று. அவர் கடக்கச் சொல்லாமல் பக்கத்தில் நின்றார்.